கம்பங்கஞ்சியும் கம்பசூத்திரமும்

ஏலே பேராண்டி, செத்த உக்காரு. காலையில எந்திரிச்சு என்னத்தத் திங்கதுன்னு முடிவு பண்ண ஒனக்கு ஒரு மணி நேரம் ஆகுதாம்லா? ஒங்கம்மை சொல்லுதா. போன்ல ஒருத்தன் முட்டைய மஞ்சக்கருவோட தின்னுங்கான். இன்னொருத்தன் மஞ்சக்கருவத் தூரப் போடுங்கான். மூணாவதா ஒருத்தி வந்து ஒண்ணுமே திங்காத, வெந்நியில எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடிங்கா. நீ மூணு பேரு பேச்சையும் கேட்டு முடிச்சுட்டு, டீக்கடையில நின்னு ரெண்டு வடையப் பிச்சு வாயில போட்டுட்டு ஆபீசுக்கு ஓடுத. இதுக்கு எதுக்குலே மூணு பேரு?

சாப்பாட்டப் பத்தி இம்புட்டுப் பேச்சு எங்க காலத்துல கிடையாது. பேச நேரம் இல்ல. சாப்பாடும் அம்புட்டு இல்ல. அதுக்காக நாங்கல்லாம் பெரிய புத்திசாலின்னு சொல்ல வரல. இருந்தா நாங்களும் தின்னுருப்போம். "அந்தக் காலத்துல நூறு வயசு வாழ்ந்தாக"ன்னு ஒருத்தன் மேடையில முழங்குதானே, அவனையும் நம்பாத. காலராவுலயும் அம்மையிலயும் போன பிள்ளைகளக் கணக்குல சேக்காமப் பேசுதான் அவன்.

போன தடவ ஊருக்கு வந்தப்ப கண்ணாடிச் சாடியில ஒண்ணு வச்சிருந்தியே, அது என்ன? ஓவர்நைட் ஓட்ஸுன்ன. ஓட்ஸ ராத்திரியே பாலுல ஊறப்போட்டு, ஃபிரிட்ஜுல வச்சு, விடிஞ்சதும் குளுரக் குளுரக் கரண்டியால கோரித் திங்கதாம். அதுக்கு முன்ன நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் படம் வேற. ஏலே, ராத்திரி தண்ணிய ஊத்தி வச்சு விடியத் திங்க வித்தைய ஒங்க பூட்டி சொளகத் தட்டிக்கிட்டே செஞ்சுட்டுப் போயிட்டா. பழைய சோறுன்னா பட்டணத்துல மூஞ்சியச் சுளிச்சாக. இப்ப சென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டருமாரே அந்தப் பழைய சோத்த வச்சு, குடலுக்கு அது என்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்ணுதாக. பண்ணட்டும். நாங்க ஆராய்ச்சிக்கு முந்தியே தின்னுட்டோம்.

ஓட்ஸ் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. அதுல உள்ள நார்ச்சத்து ரத்தத்துல கொழுப்பக் கொஞ்சம் இறக்கும்னு சொல்லுதாக, அது நெசம்தான். ஆனா ஒன் சாடியில நீ போட்டது என்னென்ன? தேன் ஒரு பங்கு. பேரீச்சம்பழம் ஒரு பங்கு. சாக்லேட்டுச் சீவல். அதுக்கு மேல வாழைப்பழம். இம்புட்டையும் விலக்கிட்டு அடியில துழாவித்தானே ஓட்ஸக் கண்டுபிடிச்ச? இன்னொரு வகை இருக்கு, மூணு நிமிசத்துல வெந்துரும்னு மசாலாப் பொட்டலத்தோட விக்கது. அதுல உப்ப வாரிக் கொட்டியிருக்கான். எம்புட்டுக்கு எம்புட்டுத் தானியத்த நொறுக்கிப் பொடியாக்கிச் சட்டுனு வேக வைக்கானோ, அம்புட்டுக்கு அம்புட்டுச் சட்டுனு அது ரத்தத்துல சக்கரையா ஏறும். ஓட்ஸே வேணும்னாலும் தடியா இருக்கறத வாங்கு. பத்து நிமிசம் அடுப்புல வேகட்டும். பல்லுக்கும் கொஞ்சம் வேல இருக்கட்டும்.

இந்தக் காலைச் சாப்பாட்டுப் பயத்த ஒங்களுக்கு யாரு ஊட்டி வளத்தான்னு தெரியுமா?

அமெரிக்காவுல மிச்சிகன் மாகாணத்துல பேட்டில் கிரீக்னு ஒரு ஊரு. அங்க ஜான் ஹார்வி கெல்லாக்னு ஒரு டாக்டரு ஆரோக்கிய விடுதி நடத்துனாரு. கறி ஆகாது, காப்பி ஆகாது, தானியத்தத் தின்னுங்கன்னு சொன்ன மனுசன். அவரும் தம்பி வில் கீத்துமாச் சேந்து, வேக வச்ச தானியத்த உருளையில கொடுத்துச் சப்பையாக்கி, வறுத்து எடுத்தாக. 1896-ல காப்புரிமையும் வாங்கியாச்சு. தம்பிக்கு வியாபார மூளை. இதுல கொஞ்சம் சீனியச் சேத்தா ஊரே வாங்கும்னாரு. அண்ணன் கூடவே கூடாதுன்னாரு. 1906-ல தம்பி தனியாக் கம்பெனியப் போட்டாரு. அப்புறம் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுப் படி ஏறுனாக. நம்ம ஊருல வரப்புக்கு வெட்டிக்கிடுவான். அங்க மக்காச்சோள அவலுக்கு. கோர்ட்டுல தம்பி ஜெயிச்சாரு. சாப்பாட்டுத் தட்டுல சீனி ஜெயிச்சுது.

"காலைச் சாப்பாடுதான் அன்னைக்குள்ள சாப்பாட்டுலயே முக்கியமானது"ன்னு பள்ளிக்கூடத்துல ஒனக்குச் சொல்லிக் கொடுத்தாகளே, அந்தப் பேச்சு 1917-லயே அச்சுல வந்துருக்கு. எதுல? அதே கெல்லாக் டாக்டரு நடத்துன பத்திரிகையில! அதுக்குச் செத்த காலம் கழிச்சு, 1920-கள்ல, பன்னிக்கறிய உப்புப் போட்டுப் புகையில வாட்டி விக்கிற ஒரு கம்பெனிக்கு யாவாரம் படுத்துக்கிட்டது. எட்வர்ட் பெர்னேஸ்னு ஒரு விளம்பரக்காரர அமத்துனாக. அவரு என்ன பண்ணுனாரு? கறி நல்லதுன்னு விளம்பரம் போடல. காலையில கொஞ்சமாத் திங்கது நல்லதா, நெறையத் திங்கது நல்லதான்னு ஒரு டாக்டர விட்டு ஆயிரக்கணக்கான டாக்டருமாருக்குக் கடுதாசி எழுத வச்சாரு. நெறையத் திங்கதுதான் நல்லதுன்னு பதில் வந்துச்சு. அது பேப்பர்ல செய்தியா வந்துச்சு. அதோட ஒட்டி, பன்னிக்கறியும் முட்டையும் நெறைஞ்ச சாப்பாடுன்னு ஒரு வரி. அம்புட்டுதான். அமெரிக்காக்காரன் தட்டுல இன்னைக்கு வரைக்கும் அது ரெண்டும் கெடக்கு. யாரு சொல்லுதான்னு பாக்கதுக்கு முன்ன, யாரு விக்கான்னு பாருலே.

அந்த மக்காச்சோள அவலு 1994-ல நம்ம நாட்டுக்கும் வந்துச்சு. குளுந்த பால ஊத்தி மொறுமொறுன்னு திங்கணும்னான். நம்ம ஆளு காலையில குளுந்த பாலக் குடிப்பானா? கொதிக்கக் கொதிக்க ஊத்துனான். நொளநொளன்னு கூழாப் போச்சு. அதுக்கு மேல ரெண்டு கரண்டி சீனி. கூழுதான் வேணும்னா கம்பங்கூழே இருந்துச்சே, காசும் மிச்சம்.

இனி ஒரு சோலி சொல்லுதேன், கடைக்குப் போனா செய்யி. பொட்டலத்தோட முன்பக்கத்தப் பாக்காத. அங்க ஓடுத பையன் படமும் பச்சை எலையும்தான் இருக்கும். திருப்பு. பின்னால பொடி எழுத்துல என்னென்ன சேத்துருக்கான்னு போட்டுருப்பான். எடையில எது சாஸ்தியோ அதத்தான் மொதல்ல போடணும், அது சட்டம். மொத மூணு பேருக்குள்ள சீனி நின்னுச்சுன்னா, அத மிட்டாயிக் கணக்குல சேத்துரு. காலைச் சாப்பாட்டுக் கணக்குல சேக்காத. சீனியும் லேசுப்பட்ட ஆளு இல்ல, கடன்காரன் ஊருக்கு ஒரு பேரு வச்சுக்கிடுத கணக்கா குளுக்கோஸ் சிரப்பும்பான், டெக்ஸ்ட்ரோஸும்பான். எல்லாம் ஒரே ஆளுதான். கூப்பிட்டு விசாரி.

உலக சுகாதார நிறுவனம் 2015-லயே ஒரு கணக்குச் சொல்லியிருக்கு. வெளிய இருந்து சேக்குற சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா உத்தமம். சின்னக் கரண்டியில ஆறு. ஒனக்குக் காலையில காப்பிக்கு ரெண்டு, பதினோரு மணி டீக்கு ரெண்டு, சாயந்திரம் ரெண்டு. முடிஞ்சுது கணக்கு. அதுக்கு மேல ஜாமு, பன்னு, பிஸ்கட்டு எல்லாம் கடன்தான். தேனும் அந்தக் கணக்குல உண்டு. ஜூஸும் உண்டு. நாலு ஆரஞ்சப் புழிஞ்சு, சக்கையத் தூரப் போட்டுட்டு, சாத்த மட்டும் குடிக்கியே, ஒத்த ஆரஞ்ச உரிச்சுச் சொளையாத் தின்னா என்னலே? உரிக்கதுக்குக் கை இல்லையா?

பாலுல கலக்கிக் குடிச்சா பிள்ள நெட்டையா வளரும்னு டப்பா டப்பாவா வாங்குனாகளே, அந்தக் கதையும் தெரியும்லா? 2024 ஏப்ரல்ல மத்திய அரசு, ஆன்லைன் கடைக்காரகள எல்லாம் கூப்பிட்டு, போர்ன்விட்டா மொதக்கொண்டு அந்தப் பானங்கள "ஆரோக்கிய பானம்"ங்கிற தட்டுல வச்சு விக்காதீகன்னு சொல்லிப்புட்டு. பிள்ள வளரணும்னா பாலு வளக்கும். பொடி இல்லாட்டியும் வளக்கும்.

இன்னொண்ணு. ஜிம்முக்குப் போற பயலுவ ஒரு பட்டைய உரிச்சுத் திங்கானுவளே, ஓட்ஸும் கடலையும் சேத்து ஒட்டுனது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கொடுத்தாக. மண்டவெல்லப் பாகும் நெலக்கடலையும்தான் சரக்கு. அந்தப் பட்டைய விட இது ஒண்ணும் கொறஞ்சது இல்ல. ஆனா எங்க ஊருக்காரன் யோக்கியன். மிட்டாயின்னு சொல்லியே மிட்டாயி விக்கான்.

இம்புட்டு நேரம் வெள்ளக்காரனத் திட்டுனதும் ஒனக்குச் சந்தோசமா இருக்கும். "பாத்தியா, நம்ம இட்லிக்கு ஈடு உண்டா"ன்னு மீசைய முறுக்குவ. பொறு, ஒனக்கும் இருக்கு.

எங்க கரிசக்காட்டுல இட்லி எப்பக் கெடைக்கும்? தீவாளிக்கு. பொங்கலுக்குக்கூட நிச்சயம் இல்ல. சம்சாரி வீட்டுல வருசம் பூராவும் கம்பு, சோளம், குதிரைவாலி. நெல்லுச்சோறே விசேசம். அதனால இட்லி ஏதோ ஆதிகாலத்துல இருந்து தினப்படி நம்ம காலைச் சாப்பாடுன்னு நீ பேசுத பாரு, அதுல எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் நல்ல பலகாரம்தான், ஒத்துக்கிடுதேன். எண்ணெயில பொரிக்கல, ஆவியில அவிக்கோம். புளிக்க வச்சதுனால செமிக்கது லேசு. அரிசியில கொறையுற சத்த உளுந்து ஈடு கட்டும்.

ஆனா நீ எப்படித் திங்க? எட்டு இட்லி. அதுக்கு மேல நெய்யில முங்குன பொடி. தேங்காச் சட்டினி ஒரு கிண்ணம், தக்காளிச் சட்டினி ஒரு கிண்ணம். சாம்பாருல கெடந்த முருங்கக்காயத் தூக்கித் தட்டோரத்துல வச்சுருக்க. தட்டுல இருந்த ஒத்தக் காயும் அதுதான்லே! ஒரு நாளைக்குக் காயும் பழமுமா 400 கிராமாவது உள்ள போகணும்னு கணக்கு. காலையிலயே ஓரத்துல ஒதுக்கிட்டா மீதிய எப்பத் திங்கப் போற? நாலு இட்லி எடு. சாம்பார நெறைய ஊத்து, காயோட. ஒரு முட்டைய அவிச்சு வையி. முட்டை ஆகாதுன்னா ஒரு கை பாசிப்பயறோ கொண்டக்கடலையோ. மத்தியானம் வரைக்கும் வயிறு ஒன்னைக் கூப்பிடாது.

வெண்பொங்கலு தின்ன பொறவு ஒன் கண்ணு எங்க போகுதுன்னு ஒன் மேனேஜர்ட்ட கேளு. பூரிக்குச் சமாதானம் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆசைக்கு மாசத்துல ஒருக்க தின்னுக்கோ, ஆரோக்கியம்னு மட்டும் பேசாத.

வடைக்கு வா. ஒங்க டீக்கடையில நானும் நின்னு பாத்துருக்கேன். மாஸ்டரு சட்டியில இருந்து அள்ளித் தட்டுல கொட்டுதாரு. எண்ணெ எப்ப ஊத்துனதோ, கருப்பட்டிப் பாகு நெறத்துக்கு வந்துருக்கு. நீ என்ன பண்ணுத? கிழிச்சு வச்ச நியூஸ் பேப்பருத் துண்டு ஒண்ண உருவி, வடைய நடுவுல வச்சு, ரெண்டு உள்ளங்கையாலயும் அமுக்குத. எண்ணெ எறங்கிப் பேப்பரு கண்ணாடியாப் போகுது. ஒனக்கு மனசுக்குத் திருப்தி, எண்ணெயெல்லாம் வெளிய வந்துட்டுன்னு. வடையத் திருப்பிப் பாரு. நேத்துச் செய்தி அதுல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அச்சு மையச் சேத்துத் திங்க, அதுக்குப் பேரு ஆரோக்கியமாக்கும். பேப்பர்ல பலகாரத்த வச்சுக் கொடுக்காதீகன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்தனையோ தடவ சொல்லியாச்சு. எண்ணெயத் திரும்பத் திரும்பக் காச்சதுக்கும் 2018 சூலையில இருந்து வரம்பு இருக்கு. சட்டம் இருக்கு, சட்டியும் இருக்கு. நீ வாழையிலைத் துண்டு கேளு. ரெண்டு வடைக்கு ஒண்ணோட நிறுத்து. அமுக்குத சோலி மிச்சம்.

அடுத்தது சிறுதானியப் பைத்தியம். 2023-அ ஐக்கிய நாட்டு சபையே சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுட்டா? அம்புட்டுதான், ராகி பிஸ்கட்டு, கம்பு நூடுல்ஸு, சாமை லட்டு, வரகு கேக்கு. எங்க காலத்துல மாப்பிள்ள வீட்டுக்காரன் பொண்ணு பாக்க வந்தா கம்பஞ்சோத்த ஒளிச்சு வைப்போம். இப்ப அதையே கண்ணாடிக் கூண்டுல வச்சு, நெல்லரிசிய விடக் கூடுதல் விலைக்கு விக்கான். விளைய வச்ச சம்சாரிக்கு அந்த விலை வந்துச்சான்னு கேக்காத, கேட்டா என் வாயில வேற வரும்.

கேப்பையில சுண்ணாம்புச் சத்து சாஸ்தி, அது நெசம். 100 கிராம் கேப்பையில 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. அதே எடைப் பாலுல இருக்கறதப் போல ரெண்டு பங்குக்கு மேல. அதுக்காக ராகி பிஸ்கட்டு வாங்குத நீ, பொட்டலத்தத் திருப்புனியா? மைதா மொதல்ல, சீனி ரெண்டாவது, ராகி கடைசியில கையெடுத்துக் கும்பிட்டு நிக்கும். கேப்பக் களியாத் தின்னா ஒரு நியாயம். சன்னமா அரைச்சு, சலிச்சு, சக்கரையும் பாலும் ஊத்திக் கஞ்சியாக் குடிச்சா அதுவும் மடமடன்னு ரத்தத்துல ஏறத்தான் செய்யும். கம்புன்னாலும் மாவுதான், கேப்பையின்னாலும் மாவுதான். அரிசிய விட மேலு. ஆனா அளவு இல்லாமத் திங்கதுக்கு லைசென்ஸ் இல்ல.

ஐ.டி. கம்பெனி வாசல்ல தள்ளுவண்டியில கூழு விக்கானே, அங்க நிக்கிற கூட்டத்தப் பாத்தா எனக்குச் சந்தோசமும் வரும், வேடிக்கையாவும் இருக்கும். ஒரு செம்பு கூழு. வெஞ்சனத்துக்கு மோர் மெளகா, வடுமாங்கா, கொத்தவரங்கா வத்தல், கருவாடு. எல்லாம் உப்பு! ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் கணக்கு, அது அந்தத் தட்டுலயே தீந்துரும். நாங்க அம்புட்டு உப்பும் தின்னோம்லேன்னு கேப்ப. ஆமா, தின்னோம். கமலை எறைச்சோம். மம்பட்டி பிடிச்சோம். உப்பு வேர்வையா முதுகு வழியா வெளிய போச்சு. நீ தின்ன உப்பு எது வழியாப் போகும்? ஏ.சி. ரூமுல நாற்காலியச் சுத்துனா வேக்குமா?

நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சக்கரை நோய்னு 2023-ல ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி சொல்லுது. இவுக எல்லாரும் கேக்கும் பர்கரும் தின்னாகளா? நெறையப் பேரு இட்லியும் சோறும்தானேலே தின்னான். சம்சாரி தின்ன அளவுக்குத் தின்னுக்கிட்டு, கணக்குப்பிள்ள செஞ்ச வேலையச் செஞ்சான். அதுதான் சேதி.

ஞாயித்துக்கிழமை ஓட்டல்ல 'பிரஞ்ச்'னு ஒரு சாப்பாடு போடுதானே, அதுக்கு வாரேன். அதப் பத்திப் பேசத்தானே இம்புட்டு நேரம் சுத்துதேன்.

1895-ல இங்கிலாந்துல கை பெரிஞ்சர்னு ஒருத்தரு 'ஹன்டர்ஸ் வீக்லி'ங்கிற பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதுனாரு. ஞாயித்துக்கிழமை காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒண்ணாக்கி, உச்சிப்பொழுது சமயத்துல தின்னா என்னன்னு கேட்டாரு. எதுக்காம்? சனிக்கிழமை ராத்திரி தண்ணியடிச்சவன் மறுநாள் காலையில சீக்கிரம் எந்திரிக்க வேண்டாம்லா? அம்புட்டு ஒசந்த நோக்கத்துல பொறந்தது அந்தச் சாப்பாடு. நாங்களும் பத்து பதினோரு மணிக்குத்தான் தின்னோம். விடியுமுன்ன எந்திரிச்சு, நீச்சத்தண்ணி ஒரு செம்பக் குடிச்சிட்டுப் புஞ்சைக்குப் போனா, வெயிலு ஏறுனப்புறம்தான் தூக்குவாளியில கஞ்சி வரும். அவன் தின்ன நேரமும் நாங்க தின்ன நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அவன் அதுக்கு முந்தி தூங்குனான். நாங்க அதுக்கு முந்தி நாலு மணி நேரம் களை வெட்டுனோம்.

பட்டணத்துல இருக்க ஒன் சித்தப்பன் ஒரு ஞாயித்துக்கிழமை என்னைய ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனான். தலைக்கு இம்புட்டுன்னு மொதல்லயே வாங்கிக்கிடுவான், பொறவு எம்புட்டு வேணாலும் திங்கலாம். உள்ள போனா தர்பூசணியில அன்னப்பறவை செதுக்கி வச்சுருக்கான். அதத் திங்கப்படாதாம், பாக்க மட்டும்தானாம். இருந்ததுலயே நல்ல சரக்கு அது ஒண்ணுதான்! பக்கத்துல சாக்லேட்டு ஊத்து ஒண்ணு பொங்கிப் பொங்கி வழியுது, அதுல பிள்ளைகள் வெரல விடுதுக. ஒரு பயலு வெள்ளத் தொப்பிய மாட்டிக்கிட்டு எங்கண்ணு முன்னாலயே தோசை சுடுதான், அதுக்கு லைவ் கவுண்டராம். ஒங்க ஆச்சி அறுபது வருசமா லைவ் கவுண்டருதான் நடத்துதா, ஒருத்தரும் படம் பிடிக்கல.

அங்க வந்தவுக மூஞ்சியப் பாத்தேன். சந்தோசமாத் திங்க மூஞ்சி இல்லலே அது. கொடுத்த காசுக்குக் கணக்குத் தீக்கற மூஞ்சி. பக்கத்து மேசையில ஒருத்தரு நண்டு, கறி, பாஸ்தா, பிரியாணின்னு ஒரே தட்டுல கோபுரம் கட்டுனாரு. பாதியில மூச்சு வாங்கி நிறுத்துனாரு. பொஞ்சாதிகிட்ட, "இன்னும் டெசர்ட் பாக்கி இருக்கு"ன்னு கவலையாச் சொல்லுதாரு. காசு போனது போச்சு, அதுக்காக வயித்தையும் கொடுக்கணுமா? கொடுத்த காசத் திரும்ப எடுக்க நெனச்சா, அடுத்த வாரம் டாக்டருக்குத்தான் எடுத்துக் கொடுக்கணும்.

போகாதன்னு சொல்லல. கூட்டாளிகளோட வருசத்துல நாலு தடவ போனா ஒண்ணும் குடி முழுகாது. ஆனா தட்ட எடுக்குறதுக்கு முந்தி, கையக் கெட்டிக்கிட்டு ஒரு சுத்துச் சுத்தி வா. என்னென்ன இருக்குன்னு முழுசாப் பாரு. சின்னத் தட்டா எடு. மொதல்ல காயும் பழமும், பொறவு முட்டையோ மீனோ, அதுக்குப் பொறவு ஒனக்கு நெசமாவே ஆசைப்பட்டது ரெண்டு. வீட்டுல தெனமும் கெடைக்கிறத அங்க போயித் திங்காத. கலர் தண்ணியையும் ஜூஸையும் தொடாத, அது வயித்த நெரப்பதுக்குன்னே ஓட்டல்காரன் வாசல்லயே வச்சுருக்கான். மொதல் தட்டு முடிஞ்சதும் எந்திரிக்காம உக்காந்து கதை பேசு. செத்த நேரத்துல வயிறே பதில் சொல்லிரும்.

அவகாடோ டோஸ்டுன்னு ஒண்ணு அங்க கொடுத்தாக. ரொட்டித் துண்டுல பச்சையாப் பூசி, மேல நாலு எள்ளு. அதோட விலையச் சித்தப்பன் சொல்லக் கேட்டு எனக்கு விக்கல் வந்துட்டு. நம்ம பழனி மலைச் சரிவுல, தாண்டிக்குடிப் பக்கம் வெளையுற வெண்ணெப்பழம்தான் அது. பட்டர் ஃப்ரூட்டுன்னு சந்தையில கெடைக்கும். நல்ல கொழுப்புள்ள பழம், குத்தம் சொல்ல முடியாது. வீட்டுல வாங்கிச் சப்பாத்தியில தடவித் தின்னாலும் அதே சத்துதான். எள்ளு வேணும்னா எள்ளுப்பொடி இருக்கு.

இப்ப கடைசியா, ஒண்ணுமே திங்காத கூட்டத்துக்கு வாரேன். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடுன்னு செல்போன்ல மணி வச்சுக்கிட்டு இருக்கானுவ. இவனுவளத் திட்டுவேன்னுதானே பாக்க? இல்ல. நம்ம நர்சு பேத்தி இங்கிலீசுல படிச்சுச் சொன்னா. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 2019-ல 13 ஆராய்ச்சிகள ஒண்ணாச் சேத்துப் பாத்துருக்காக. காலையில தின்னவுக நாளு முழுக்கக் கணக்குப் பாத்தா 260 கலோரி கிட்டக் கூடத்தான் தின்னுருக்காக, எடையும் ஒண்ணும் கொறையல. அதனால பசிக்கலையா, திங்காத. காலையில பசிக்காத வயித்துல எட்டு மணி ஆச்சேன்னு எதையாவது திணிக்காத.

ஆனா எல்லாருக்கும் அந்தச் சட்டம் கிடையாது. சக்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுதவன் டாக்டரக் கேக்காமப் பட்டினி கெடந்தா, தலை கிறுகிறுத்து விழுவான். வயித்துப் பிள்ளைக்காரி பட்டினி கெடக்கப்படாது. பிள்ளைகளுக்குக் காலையில கொடுத்தே ஆகணும். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில, அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம்னு ஆரம்பிச்சாக. ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் உப்புமா, கிச்சடி, பொங்கல், காய் போட்ட சாம்பாரு. அங்க எந்தப் பிள்ளையாவது படம் பிடிச்சுட்டா திங்குது? தட்டு காலியாகுது, மணி அடிக்கி, பாடத்துக்குப் போகுதுக.

இன்னொரு சின்ன சங்கதி, மறந்துருவேன். தின்ன கையோட டீயக் குடிக்காத. சாப்பாட்டுல உள்ள இரும்புச் சத்த டீ ஒட்ட விடாது. பொட்டப்பிள்ளைகளுக்கு இத அவசியம் சொல்லு, ரத்தசோகை அவுகளுக்குத்தான் சாஸ்தி. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சா டீ கோவிச்சுக்கிடாது.

என்னலே முழிக்க? குறிப்பெடுத்துக்கிட்டியா, இல்ல இதையும் படம் பிடிக்கப் போறியா? சரி, வார ஞாயித்துக்கிழமை ஓட்டலுக்குப் போக வேண்டாம். இங்கன வந்துரு. வடக்குப் புஞ்சையில உளுந்து பிடுங்க ஆள் கெடைக்கல. விடியக் காலம் ஆறு மணிக்குக் காட்டுல நில்லு. பத்து மணிக்கு ஒங்க ஆச்சி கம்பங்கஞ்சியும் மோரும், துவையலும், ரெண்டு அவிச்ச முட்டையும் கொண்டாருவா. எம்புட்டு வேணாலும் குடி, தலைக்கு இம்புட்டுன்னு காசு கிடையாது. ஒன் கூட்டாளிகளையும் கூட்டிட்டு வா, உளுந்து நாலு ஏக்கர் நிக்கி.